இரு குப்பைத் தீவுகள்

வீட்டில் சேரும் குப்பையை வீட்டுக்கு வெளியே வைத்துவிடலாம். ஊரில் சேரும் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுசென்று கொட்டலாம். ஆனால், ஊரைச் சுற்றிலும் கடல் மட்டுமே இருந்தால் என்ன செய்வது? மாலத்தீவின் தலைநகரான மாலேயும் நம் சிங்கப்பூரும் இந்தச் சிக்கலை எதிர்நோக்கின. இரண்டும் கண்ட தீர்வு ஏறத்தாழ ஒன்றுதான். ஆழமில்லாத கடற்பகுதியை நிலமாக்கி, அங்கே குப்பையைச் சேர்ப்பது என்று அவை முடிவு செய்தன. ஆயினும், அந்தத் தீர்வை அவை நிறைவேற்றிய விதம் வேறு. அதனால் ஏற்பட்ட விளைவுகளும் வேறு.

பவளப்பாறைகளாலோ மணல்திட்டுகளாலோ பெருங்கடலிலிருந்து பிரிக்கப்பட்ட, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பைக் காயல் என்பர். காயலில் அலையின் வேகம் குறைவு. சூரிய ஒளி அடித்தரைவரை செல்லும். அதனால் அங்கே கடற்புல் செழித்து வளரும். அந்தப் புல்லிடையே மீன் குஞ்சுகளும் இறாலும் நண்டும் பெரிய மீன்களுக்கு இரையாகாமல் மறைந்து வளரும். வளர்ந்த பின்னரே அவற்றுள் பல ஆழ்கடலை நோக்கிச் செல்லும். மேலும், காயலைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைகள் அலைகளைத் தடுத்துக் கரையைக் காக்கின்றன. கண்ணுக்கு வெறும் நீராகத் தெரியும் காயல், உண்மையில் கடலின் நாற்றங்கால் ஆகும்.

இத்தகைய இடத்தை நிலமாக்கும்போது முதலில் பாதிக்கப்படுவது நீரின் தெளிவு. கடலடியிலிருந்து மணலைத் தோண்டிக் கொட்டும்போது நுண்ணிய வண்டல் நீரில் கலந்து நெடுந்தொலைவு பரவுகிறது. கலங்கிய நீரில் ஒளி குறைவதால் கடற்புல் வாடுகிறது. வண்டல் மெல்லப் படிந்து பவளப்பாறைகளை மூடுகிறது. பவள உயிரிகளின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டே உணவு தயாரிக்கின்றன. ஒளி கிடைக்காவிட்டால் நுண்பாசிகளும் அவற்றை நம்பியுள்ள பவளமும் நலிந்துபோகும். புதிதாக எழும் நிலம் நீரோட்டத்தையும் திசைதிருப்பும். அதனால் ஓரிடத்தில் கரை அரிக்கப்பட, வேறோரிடத்தில் மணல் குவியும். இவை எல்லா நிலமீட்புப் பணிகளிலும் ஏற்படக்கூடிய பாதிப்புகளே. அந்த நிலத்தில் குப்பையும் சேர்ந்தால் பாதிப்பு இன்னும் பெரிதாகும்.

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 சிறு பவளத்தீவுகளைக் கொண்ட நாடு. அவற்றுள் மாலே மக்கள் மிக நெருக்கமாக வாழும் தீவு. அங்கே வீடு கட்டவே இடம் போதாத நிலையில், குப்பைக்கு இடம் தேடுவது எளிதன்று. எனவே, மாலேக்கு மேற்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு காயலைக் குப்பை கொட்டும் இடமாக மாற்ற 1991ஆம் ஆண்டு இறுதியில் முடிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே பணி தொடங்கியது. காயலின் அடித்தரையில் பெரிய குழிகளைத் தோண்டினர். அவற்றில் குப்பையை நிரப்பினர். அதன்மேல் கட்டட இடிபாடுகளைக் கொட்டி, வெண்மணலால் மூடினர். இவ்வாறு உருவான தீவே திலஃபுஷி.

தொடக்கத்தில் ஓர் ஒழுங்குடன் நடந்த பணி நாளடைவில் தளர்ந்தது. மாலேயின் மக்கள்தொகை பெருகியது. சுற்றுலாத் தீவுகளிலிருந்தும் குப்பை படகு படகாக வந்து இறங்கியது. குழி தோண்ட நேரமின்றிக் குப்பை நேரடியாகக் காயலிலேயே கொட்டப்பட்டது. அதைத் தடுத்து நிறுத்தத் தகுந்த கரையோ, நச்சுநீர் கசியாமல் காக்கும் விரிப்போ அங்கு இல்லை. நெகிழிப்பைகளும் போத்தல்களும் மிதந்து கடலெங்கும் பரவின. 2011ஆம் ஆண்டு இறுதியில் காயலில் மிதந்த குப்பை அளவுகடந்து போகவே, அங்கே குப்பை கொட்டுவது சில காலம் தடை செய்யப்பட்டது.

கண்ணுக்குத் தெரிந்த குப்பையைவிடத் தெரியாத ஆபத்தே பெரிது. பழைய மின்கலன்களில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் உள்ளன. அவை மழைநீரிலும் கடல்நீரிலும் கரைந்து கசிந்தால் சிற்றுயிர்களின் உடலில் சேரும். சிற்றுயிர்களை உண்ணும் மீனுக்கும், மீனை உண்ணும் மனிதனுக்கும் அவை சென்றடையும். மீனை நம்பி வாழும் நாட்டில் இது சிறிய கவலையன்று. அத்துடன், இடத்தை மிச்சப்படுத்தக் குப்பையைத் திறந்தவெளியில் எரித்ததால் எழுந்த புகை, காற்று வீசும் திசைக்கேற்ப மாலேவரை சென்றது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் தொடர்ந்த இந்த எரிப்பு 2021ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. நாளொன்றுக்கு 500 டன் குப்பையை எரித்து மின்சாரம் தயாரிக்கும் ஆலை ஒன்றை அங்கே அமைக்கும் திட்டமும் வகுக்கப்பட்டது. அவ்வாலைக்காக மேலும் 15 ஹெக்டர் காயற்பரப்பு நிலமாக்கப்பட்டது. பழைய தவற்றைத் திருத்துவதற்கும் காயலின் ஒரு பகுதியையே விலையாகத் தரவேண்டியிருந்தது.

சிங்கப்பூரிலும் குப்பைக்கு இடம் தேடும் நிலை வந்தது. லோரோங் ஹாலூஸ் குப்பை நிரப்புமிடம் நிறைந்துகொண்டிருந்தது. அதனால் தெற்கே உள்ள புலாவ் செமக்காவ், புலாவ் சாக்கேங் ஆகிய தீவுகளுக்கு இடையே உள்ள கடற்பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. இவ்விரு தீவுகளிலும் ஒருகாலத்தில் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தை விட்டுப் பெருநிலத்தில் குடியேற நேர்ந்தது.

இங்கே குப்பை வருவதற்கு முன்பே தடுப்புகள் அமைக்கப்பட்டன. இரு தீவுகளையும் இணைத்து 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கற்கரை எழுப்பப்பட்டது. கசிவுநீர் வெளியேறாமல் இருக்க அக்கரையில் நீர்புகா விரிப்பும் கடற்களிமண்ணும் இடப்பட்டன. கட்டுமானத்தின்போது வண்டல் பரவிப் பவளப்பாறைகளை மூடாதிருக்க நீரில் தடுப்புத் திரைகள் தொங்கவிடப்பட்டன. கரை கட்டியதால் சதுப்புநிலக் காட்டின் ஒரு பகுதி அழிந்தது. அதற்கு ஈடாக 13.6 ஹெக்டர் பரப்பில் புதிய மரக்கன்றுகள் நடப்பட்டன. செமக்காவ் 1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் செயல்படத் தொடங்கியது.

அங்கே கொட்டப்படுவது வீட்டுக் குப்பையன்று. எரியக்கூடிய குப்பை முதலில் பெருநிலத்தில் உள்ள ஆலைகளில் எரிக்கப்படுகிறது. அதனால் குப்பையின் கன அளவு 90 விழுக்காடுவரை குறைகிறது. எஞ்சிய சாம்பலும் எரிக்க இயலாத கழிவுகளுமே மூடிய படகுகளில் தீவுக்குச் செல்கின்றன. சுற்றியுள்ள கடல்நீரும் தொடர்ந்து சோதிக்கப்படுகிறது. இதனால்தான் செமக்காவின் கரையோரத்தில் இன்றும் கடற்புல்லையும் பவளத்தையும் நாரைகளையும் காண முடிகிறது.

எனினும், செமக்காவும் ஒன்றையும் இழக்காமல் உருவானதன்று. முதற்கட்டப் பகுதி நிறைந்துவந்தபோது, கற்கரைக்கு உட்பட்ட எஞ்சிய காயலையும் பயன்படுத்த வேண்டியதாயிற்று. அதுவரை ஓர் இடைவெளி வழியாகக் கடல்நீர் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தது. அந்நீரில் பவளங்களும் வளர்ந்திருந்தன. இடைவெளியை மூடுமுன் பவளங்கள் எடுக்கப்பட்டு, சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவுக்கு மாற்றப்பட்டன. 2015ஆம் ஆண்டில் இரண்டாம் கட்டம் திறக்கப்பட்டது. பவளத்தை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லலாம். ஆனால், அது வளர்ந்த காயலை எடுத்துச்செல்ல வழியில்லை.

இந்த இடமும் ஏறத்தாழ 2035ஆம் ஆண்டுக்குள் நிறைந்துவிடும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அந்நாளைத் தள்ளிப்போட, செமக்காவுக்கு நாள்தோறும் அனுப்பப்படும் குப்பையை 2030க்குள் தலைக்கு 30 விழுக்காடு குறைக்கச் சிங்கப்பூர் இலக்கு வகுத்துள்ளது. மீண்டும் மற்றொரு கடற்பரப்பைத் தேடாமல் இருப்பதற்கான வழி இதுவே.

திலஃபுஷி, முன்னேற்பாடு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைக் காட்டுகிறது. செமக்காவ், முன்னேற்பாட்டால் எவ்வளவு காக்க முடியும் என்பதைக் காட்டுகிறது. ஆனால், நிரப்பிய காயலை மீண்டும் காயலாக்க இவ்விரண்டாலும் இயலாது. உணவங்காடியில் மீதம் வைக்காத ஒரு தட்டும், மறுபடியும் பயன்படுத்திய ஒரு போத்தலும் சிறியவைதாம். அவை சேரச் சேர, கடலின் நாற்றங்கால் ஒன்று நிலமாகாமல் நீராகவே இருக்கும்.