டீமேக்கர் விழித்திருக்கும் நேரம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தேயிலைப் பதனிடல் பற்றி ஆய்வு செய்பவள் நான். கண்டியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளோடு சேர்ந்து வேலை செய்ய வரும் இளையவர்களிடம் முதலில் நேரத்தைப் பற்றித்தான் பேசுவேன். மலையிலிருந்து இறங்கும் கொழுந்து 12 முதல் 18 மணித்தியாலம் வாட வேண்டும். பதம் வந்து அரைக்கப் போகும்போது பெரும்பாலும் நடுச்சாமம் தாண்டியிருக்கும். நம் ஆய்வுகூடமோ பின்னேரம் பூட்டிவிடும். "மாதிரியை எடுத்து வையுங்கள், காலையில் வருகிறோம்" என்றால், கிடைப்பது நொதித்து முடிந்த இலை. ஆகவே மாணவர் கம்பளிச் சட்டையோடு அங்கேயே இரவு தங்க வேண்டும்.

தங்கினால்தான் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் மனம்விட்டுப் பேசுவார். மழை நாளில் வாட்டம் எப்படிப் பிசகும் என்பதைக் கொழுந்தைக் கையில் அள்ளிப் பிடித்தே சொல்வார். அதைக் குறித்துவைத்து, பிறகு ஈரப்பத அளவோடு ஒப்பிடுங்கள். என் நல்ல ஆய்வுக் கேள்விகள் பல அந்தப் பேச்சில் பிறந்தவை.

கருத்தரங்கில் மாணவர் பேராசிரியரை எதிர்த்துக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் தொழிற்சாலையில் முகாமையாளரின் கணிப்பு பிழையென்றால் அதைத் தொழிலாளர் முன்னால் சொல்லாதீர்கள். கந்தோரில், தனியே, எண்களோடு சொல்லுங்கள். தொழிற்சாலைக்குக் கொடுக்கும் அறிக்கையின் முதல் பக்கத்தில் புள்ளியியல் வேண்டாம். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ கொழுந்து போகிறது. தொழிற்சாலைக்காரர்களின் கணக்கு அதிலும் விறகிலும்தான் நிற்கிறது. 1883 முதல் கொழும்பில் நடக்கும் ஏலத்தில் கிடைக்கும் விலைதான் அவர்களுடைய பரீட்சை முடிவு. எனவே சுவை பார்ப்பவரின் மதிப்பீட்டையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேருங்கள்.

தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925 முதல் இத்தொழிலுக்கென்றே ஆய்வு செய்கிறது. ஹந்தானையிலும் அதற்கு நிலையம் உண்டு. முன்னர் என்ன செய்து பார்த்தார்கள் என்று அங்கே கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது வெளியீடு. மாணவருக்குப் பட்டம் கிடைக்க ஆய்வேடு வெளிவர வேண்டும். கம்பனிக்குத் தன் முறை போட்டியாளர் கையில் போகக்கூடாது. இரண்டும் நியாயம். பல நாடுகளில் கட்டுரை முதலில் வெளியானால் பிறகு காப்புரிமை கிடைக்காது. ஆகையால் எதை எழுதலாம், வரைவை எத்தனை நாளில் பார்த்துத் தருவார்கள், காப்புரிமைக்கு யார் விண்ணப்பிப்பது என்பதையெல்லாம் முதல் மாதிரி எடுக்குமுன்னே எழுத்தில் வையுங்கள். மாணவரின் ஆய்வேட்டை எக்காரணம் கொண்டும் முடக்கக்கூடாது என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.