நாய்க்கும் ஒரு பாடம்

ஓடையின் மேல் மரப் பாலம். ஆடுகள் எல்லாம் அக்கரை போய்விட்டன. காவல் நாய் மட்டும் இக்கரையில் நின்று குரைக்கிறது. பாலத்தைக் கண்டால் அதற்குப் பயம்.

அந்தமானில் முன்பு நாயே கிடையாது. 1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளைக் குடியேற்றினார்கள். அதன் பிறகுதான் நாய் வந்தது. சிறிய அந்தமான் தீவின் ஓங்கே மக்கள் நாயைக் காட்டுப் பன்றி வேட்டைக்குப் பழக்கினார்கள். பழக்கினால் நாய் புது வேலையையும் கற்றுக்கொள்ளும்.

1978-இல் லண்டனில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. அதில் குதிரைகளைப் போல நாய்கள் தடை தாண்டிக் காட்டின. இன்று பல நாடுகளில் இது ஒரு விளையாட்டு. ஆடு மேய்க்கும் நாய்கள் இதில் கெட்டிக்கார நாய்கள். இந்தப் பயிற்சியை நம் வீட்டு முற்றத்திலேயே தரலாம்.

முதல் பாடம்: நில்

ஆடு மேய்க்கும் நாய்க்கு ஓடுவதைக் கண்டால் துரத்தத் தோன்றும். அது பிறவிக் குணம். சினை ஆட்டைத் துரத்தினால் கரு கலையலாம். யாருக்கு நட்டம்? நமக்குத்தானே! ஆகவே, ஆடுகள் இல்லாத இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்து, 'வா', 'நில்' என்று பழக்குங்கள். சொன்னபடி செய்ததும் முள் நீக்கிய மீன் துண்டு கொடுங்கள்.

இரண்டாம் பாடம்: பலகை

அகலமான பலகையைத் தரையில் போடுங்கள். நாய் அதன் மேல் நடக்கட்டும். பயம் தெளிந்ததும் இரு முனைகளிலும் ஒவ்வொரு செங்கல் வையுங்கள். பலகை ஆடக் கூடாது. ஆடினால் நாய் மறுபடி ஏறத் தயங்கும்.

மூன்றாம் பாடம்: சாக்கும் கம்பும்

இருபுறமும் திறந்த சாக்கைப் பிரம்பு வளையங்களில் மாட்டுங்கள். மறுமுனையில் நின்று கூப்பிடுங்கள். நாய் உள்ளே நுழைந்து வரும். அடுத்து, கம்பைத் தரையில் வைத்துத் தாண்டப் பழக்குங்கள். பிறகு சிறிது உயர்த்தலாம். ஒரு வயது ஆகாத குட்டிக்கு உயரம் வேண்டாம். அதன் எலும்பு முற்றியிருக்காது.

காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் போதும். உச்சி வெயிலில் வேண்டாம். அடிக்காதீர்கள். பலகையில் அடி வாங்கிய நாய் பலகையைக் கண்டாலே ஓடும்.

இவற்றையும் மறவாதீர்கள்

இரவில் நாயைக் கட்டி வையுங்கள். அவிழ்த்துவிட்ட நாய்கள் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்கின்றன. கடல் ஆமைகளுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

வெறிநாய்க்கடி நோய் இல்லாத தீவுகள் என்று நம் தீவுகளுக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்போம். மெயின்லேண்டிலிருந்து கொண்டுவரும் நாய்க்குத் தடுப்பூசி கட்டாயம் வேண்டும்.

பொறுமையாகப் பழக்குங்கள். ஒருநாள் ஆடுகளின் பின்னே உங்கள் நாயும் பாலம் கடக்கும்.

பதில் சொல்லுங்கள்

1. 'நில்' என்பதை ஏன் முதலில் கற்பிக்க வேண்டும்?
2. பலகை ஏன் ஆடக் கூடாது?
3. உங்கள் ஊர் நாய்கள் இரவில் எங்கே போகின்றன?