இரண்டு முகங்கள் கொண்ட விமானம்

1977ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், லண்டனிலிருந்து புறப்பட்ட ஒரு கான்கார்ட் விமானம் பஹ்ரேன் வழியாகச் சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்தில் வந்து இறங்கியது. அது ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய விமானம். அதன் இடப்பக்கம் நின்றவர்கள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தைப் பார்த்தார்கள். வலப்பக்கம் நின்றவர்களோ பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தைப் பார்த்தார்கள். இரு தரப்பினரும் பார்த்தது ஒரே விமானத்தைத்தான்! அந்தச் சேவையை இரு நிறுவனங்களும் கூட்டாக நடத்தியதால், விமானத்தின் ஒரு பக்கத்திற்கு ஒரு நிறுவனத்தின் வண்ணம், மறு பக்கத்திற்கு மற்றொன்றின் வண்ணம் எனப் பூசியிருந்தார்கள். பயணிகள் ஏறும் கதவுகள் இடப்பக்கம் இருந்ததால், படியேறியவர்களின் கண்ணில் முதலில் பட்டவை சிங்கப்பூர் ஏர்லைன்சின் நீலமும் மஞ்சளுமே.

அந்தச் சேவை நீண்ட நாள் நீடிக்கவில்லை. மலாக்கா நீரிணைக்கு மேலே அது எழுப்பும் ஒலியதிர்வைக் காட்டி மலேசியா எதிர்ப்புத் தெரிவித்ததால், மூன்று முறை வந்து திரும்பியதோடு சேவை நின்றது. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கி, 1980 நவம்பரில் முடிவுக்கு வந்தது. ஜி-பிஓஏடி என்ற பதிவெண் கொண்ட அந்த விமானம் 2003ஆம் ஆண்டு ஓய்வு பெற்று, இப்போது நியூயார்க்கின் இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நேரில் சென்றாலும் அதன் இடப்பக்கத்தில் பழைய நீலத்தையும் மஞ்சளையும் காண முடியாது. அவை மறைந்து, விமானம் முழுவதும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணமே இருக்கிறது. பழைய இடப்பக்கம் இன்று இரண்டு இடங்களில் எஞ்சியிருக்கிறது: ஒன்று, அக்காலத்து நிழற்படங்கள், மற்றொன்று, கணினித் திரை.

விமானம் ஓட்டும் அனுபவத்தைக் கணினியில் தரும் மென்பொருளைச் சிமுலேட்டர் என்கிறோம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஃபிளைட் சிமுலேட்டர் முதன்முதலில் 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று திரையில் சில கோடுகளும் புள்ளிகளுமே தெரிந்தன. பிற்காலப் பதிப்புகளில் விமானத்தின் வெளித்தோற்றத்தைப் பயனரே மாற்றிக்கொள்ள முடிந்தது. உடனே ஒரு புதிய பொழுதுபோக்கு பிறந்தது. விமான நிறுவனங்கள் தம் விமானங்களுக்குப் பூசும் நிறம், பட்டை, சின்னம், எழுத்து ஆகியவற்றின் தொகுப்பை இங்கு வண்ணக்கோலம் என்று அழைப்போம். வழக்கொழிந்த வண்ணக்கோலங்களை ஆர்வலர்கள் கணினியில் மீண்டும் வரையத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் இதற்குக் காசு வாங்குவதில்லை. ஒரே ஒரு வால்பகுதிக்காகப் பல வாரங்கள் செலவிடுபவர்களும் உண்டு.

வரைவது எப்படி? ஒரு பொமெலோ பழத்தின் தோலைக் கவனமாக உரித்து, மேசையின்மேல் தட்டையாக விரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரித்த தோலின்மேல் படம் வரைந்து, அதை மீண்டும் பழத்தைச் சுற்றி ஒட்டினால், படம் உருண்டை வடிவில் அமையும். முப்பரிமாண விமானத்தின் தோலும் இப்படித்தான் தட்டையான ஒரு படமாக விரிக்கப்படுகிறது. அந்தப் படத்தின்மேல் ஓவியர் வரைகிறார். மென்பொருள் அதை விமானத்தின்மேல் போர்த்துகிறது. தட்டையில் நேராக ஓடும் பட்டை, மூக்குப் பகுதியின் வளைவில் கோணலாகிவிடும். அங்கே நேராகத் தெரிய வேண்டுமானால், தட்டையில் அதை வளைத்தே வரைய வேண்டும். இந்தக் கணக்கு கைவருவதற்குள் பொறுமை சோதிக்கப்பட்டுவிடும்.

பழைய மாதிரிகள் சிலவற்றில், கணினியின் நினைவகத்தைச் சேமிப்பதற்காக ஒரு பக்கத்துப் படத்தையே கண்ணாடியில் தெரிவதுபோல் மறு பக்கத்திற்கும் பயன்படுத்தினார்கள். வெறும் பட்டை என்றால் சிக்கல் இல்லை. எழுத்து வந்தால் மறு பக்கத்தில் அது வலமிருந்து இடமாக ஓடும். ஜி-பிஓஏடி போன்ற இரட்டை முக விமானத்திற்கோ இந்தச் சிக்கன வழி அறவே பயன்படாது. இரு பக்கங்களையும் தனித்தனியே விரித்த மாதிரி தேவை. இரு பக்கங்களுக்கும் தனித்தனிச் சான்றுகளும் தேவை.

சான்று என்பது பெரும்பாலும் நிழற்படமே. ஆனால், படம் எடுத்தவர் ஓவியருக்காக எடுக்கவில்லையே! அவர் சாய்ந்த கோணத்தில் நின்றிருப்பார். பாதி விமானத்தைப் படிக்கட்டு மறைத்திருக்கும். சாய்ந்த படத்தில் நீளத்தை அளவுகோலால் அளந்தால் தவறான விடையே கிடைக்கும். எனவே, ஓவியர்கள் சன்னல்களை எண்ணுகிறார்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள முதல் எழுத்து எத்தனையாவது சன்னலுக்கு மேல் தொடங்குகிறது, கடைசி எழுத்து எந்தச் சன்னலுக்கு முன் முடிகிறது என்று பார்த்தால், படம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் இடம் பிசகாது. விமானத்தின் உடலிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டது நல்ல யோசனை.

இனி ஒரு சிறு கணக்கு. கான்கார்டின் நீளம் சுமார் 62 மீட்டர். அதன் முழு நீளத்தையும் 4,096 புள்ளிகள் அகலமுள்ள ஒரே படத்தில் அடக்கினால், ஒரு புள்ளி விமானத்தின்மேல் சுமார் ஒன்றரை சென்டிமீட்டரைக் குறிக்கும். கதவருகே 3 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் எச்சரிக்கை வாசகம் இருந்தால், அதன் எழுத்துகளுக்கு இரண்டு புள்ளி உயரமே கிடைக்கும். இரண்டு புள்ளிகளில் எந்த எழுத்தையும் படிக்க முடியாது. அதனால்தான் விமானத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பல படங்களில் வரைகிறார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது நிறம். பழைய வண்ணப் படச்சுருளில் உள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒரு சாயம் முந்தி மங்கினால், படம் முழுவதும் சிவப்பேறிக் காணப்படும். அப்படிப்பட்ட படத்தில் மஞ்சள் பட்டை ஆரஞ்சு நிறமாகத் தோன்றும். மாலை வெயிலில் எடுத்த படமும் இவ்வாறே ஏமாற்றும். ஆகவே, அதே படத்தில் நிறம் உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளை முதலில் தேட வேண்டும். விமானத்தின் வெள்ளைப் பகுதியே பெரும்பாலும் கைகொடுக்கும். அது வெள்ளையாகத் தெரியும்வரை படத்தைச் சரிசெய்த பிறகே மஞ்சளை அளக்க வேண்டும். படத்தை வெட்டி அப்படியே ஒட்டிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால், அந்தப் படத்தில் அன்றைய வெயிலும் நிழலும் பதிந்திருக்கும். சிமுலேட்டரில் தனியாக ஒரு சூரியன் உண்டு. அங்கே காலை நேரமாக இருக்கும்போது விமானத்தின்மேல் 1979ஆம் ஆண்டின் பிற்பகல் நிழல் விழுந்துகொண்டிருந்தால் வேடிக்கையாக இருக்காதா?

நிறத்திற்குப் பின்னால் அறிவியலும் இருக்கிறது. கான்கார்ட் முழு வேகத்தில் பறக்கும்போது, காற்றின் அழுத்தத்தாலும் உராய்வாலும் அதன் மூக்கு 127 பாகை செல்சியஸ் வரை சூடேறும். அந்த வெப்பத்தைத் தணிக்கவே உடல் முழுவதும் சிறப்பு வெள்ளைப் பூச்சு பூசப்பட்டது. 1996ஆம் ஆண்டு பெப்சி விளம்பரத்திற்காக ஏர் பிரான்ஸ் நிறுவனத்தின் ஒரு கான்கார்ட் நீல நிறம் பூண்டது. எரிபொருள் நிறைந்த இறக்கைகளை மட்டும் வெள்ளையாகவே விட்டுவிட்டார்கள். ஒலியின் இரு மடங்கு வேகத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் பறக்க வேண்டாம் என்றும் அந்த விமானத்திற்குக் கூறப்பட்டது. இந்தக் காரணம் தெரிந்த ஓவியர், இறக்கையைக் காட்டும் படம் கிடைக்காவிட்டாலும் அதற்கு நீலம் பூசமாட்டார்.

அடுத்த கேள்வி, எந்த ஆண்டு? நம் வட்டாரத்து விமானங்களை வரைபவர்களுக்கு இது பெரிய கேள்வி. 1947ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸ், 1963இல் மலேசியா உருவானபோது மலேசியன் ஏர்வேஸ் ஆனது. சில ஆண்டுகளில் அதுவே மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகி, 1972ஆம் ஆண்டு இரண்டாகப் பிரிந்தது. ஒரு நிறுவனம் கிளந்தானின் வாவ் பட்டத்தைச் சின்னமாக ஏற்றது. மற்றொன்று பறவைச் சின்னத்தை ஏற்றது. இத்தனை மாற்றங்களும் 25 ஆண்டுகளுக்குள் நடந்தவை. ஆண்டு தெரியாமல் தூரிகையை எடுத்தால், ஒரு காலத்துப் பெயரும் இன்னொரு காலத்துச் சின்னமும் ஒரே விமானத்தில் ஏறிவிடும்.

விமான வகை பொருந்தாமல் போவதும் உண்டு. போயிங் 737-100 வகையில் உலகம் முழுவதற்குமாக 30 விமானங்களே தயாரிக்கப்பட்டன. அவற்றுள் ஐந்து மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு வந்தன. அந்த அரிய வகைக்குரிய மாதிரி கிடைக்காதபோது, சிலர் 737-200 மாதிரியின்மேல் வரைந்துவிடுகிறார்கள். அது ஏறக்குறைய இரண்டு மீட்டர் கூடுதல் நீளமானது. சன்னல் கணக்கே மாறிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. சன்னலை எண்ணிப் பழகியவர்களை ஏமாற்ற முடியாது.

எவ்வளவு தேடினாலும் சில இடங்களுக்குச் சான்று கிடைப்பதில்லை. குறிப்பாக, விமானத்தின் அடிப்பாகத்தையும் இறக்கையின் மேற்புறத்தையும் படம் எடுத்தவர்கள் குறைவு. ஆனால், சிமுலேட்டரில் வெற்றிடம் விட முடியாது. ஏதேனும் ஒரு நிறம் அங்கே இருந்தாக வேண்டும். அப்போது ஓவியர் ஊகிக்கிறார். ஊகிப்பதில் தவறில்லை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தொல்லை. கணினி ஓவியம் இன்று நிழற்படம்போலவே தத்ரூபமாக இருக்கிறது. திரையிலிருந்து எடுத்த ஒரு காட்சி கைமாறிக் கைமாறிப் போகும்போது, 'இது ஓவியம்' என்ற குறிப்பு எங்கோ உதிர்ந்துவிடுகிறது. அடுத்து வரைபவர் அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறார். ஒருவருடைய ஊகம், மூன்றாவது கைக்குப் போகும்போது வரலாறாகிவிடுகிறது. உண்மை விமானமோ வேறு வண்ணம் பூசிக்கொண்டுவிட்டது, அல்லது உடைக்கப்பட்டுவிட்டது. அதனிடம் போய்க் கேட்க முடியாது. எனவே, பொறுப்புள்ள ஓவியர்கள் தம் படைப்புடன் ஒரு சிறு குறிப்பையும் இணைக்கிறார்கள். இடப்பக்கம் எந்த ஆண்டுப் படத்தைப் பார்த்து வரைந்தது, அடிப்பாகத்தில் எது ஊகம் என்று அதில் எழுதிவிடுகிறார்கள். வண்ணத்தை ரசிப்பவர் பலர் அந்தக் குறிப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

விடுபட்ட சான்றுகள் எதிர்பாராத இடங்களிலிருந்து வருவதுண்டு. பாய லேபாரிலோ சுபாங்கிலோ உறவினரை வழியனுப்பச் சென்றபோது எடுத்த பழைய படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கலாம். தாத்தா பாட்டிக்குப் பின்னால் ஒரு விமானத்தின் வால் தெரிந்தால், அதன் நிறத்தையும் எழுத்தையும் சற்று உற்றுப் பாருங்கள். பிறகு படத்தை மெதுவாகத் திருப்பி, பின்புறத்தில் யாரேனும் தேதி எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.