சீட்டுக் காசும் ஆட்டக் கணக்கும்

நம் லயங்களில் சீட்டுக் கட்டாதவர்கள் குறைவு. பத்துப் பேர் மாதம் 1,000 ரூபா கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதம் எடுப்பவருக்கு 10,000 ரூபா கிடைக்கும். அவர் கட்டியதோ 1,000தான். "எடுத்தாச்சே, இனி ஏன் கட்டணும்?" என்று அவர் நின்றுவிட்டால் அவருக்கு 9,000 ரூபா லாபம். மற்ற ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 1,000 நட்டம். அதைப் பார்த்து எடுக்கிற ஒவ்வொருவரும் நின்றுகொண்டே வந்தால்? கடைசி எண்காரர் பத்து மாதமும் கட்டிவிட்டு, தான் கடைசியாகப் போட்ட 1,000 ரூபாவை மட்டும் திரும்ப எடுப்பார்!

இப்படி ஒருவருடைய லாப நட்டம் மற்றவர் எடுக்கும் முடிவில் தங்கியிருக்கும் விடயங்களை ஆராயும் கணக்குக்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். (கிரிக்கெட் ஆட்டம் இல்லை.)

அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் அக்செல்ராட் இதற்கு ஒரு கணினிப் போட்டி வைத்தார். முடிவு 1980இல் வெளிவந்தது. வந்தவை 14 நிரல்கள். இரண்டு இரண்டாகச் சந்தித்து, 200 தடவை ஆடின. ஒவ்வொரு தடவையும் ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம். வென்றது எல்லாவற்றிலும் சின்ன நிரல். அனடோல் ரப்போபோர்ட் அனுப்பியது. முதலில் ஒத்துழை, பிறகு, எதிராளி போன தடவை செய்ததையே செய். அவ்வளவுதான். அடுத்த போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. அதிலும் இதுவே முதல். வேடிக்கை என்னவென்றால், எந்தத் தனி ஆட்டத்திலும் அது எதிராளியை விட ஒரு புள்ளிகூடக் கூடுதலாக எடுக்காது!

இந்த வழி செல்லுபடியாவது, திரும்பத் திரும்பச் சந்திக்கும் இடத்தில்தான். நம் சீட்டும் அப்படித்தான் நிற்கிறது. எடுத்தவர் நாளைக்கும் அதே மலையில் கொழுந்து எடுக்கணும், அதே பீலியில் தண்ணீர் பிடிக்கணும். வெளிநாடு போகப்போகிறவர் முதல் எண்ணைக் கேட்டால்தான் சிக்கல். அவருக்குத் தேவை அதிகம், மறுக்கவும் மனம் வராது. கொடுப்பதானால், வீட்டில் இருக்கும் ஒருவர் எல்லார் முன்னாலும் பொறுப்பேற்கட்டும். இந்தச் சீட்டு முடியும் முன்பே அடுத்ததற்குப் பெயர் எழுதிவிடுங்கள். அப்போது "இதுதான் கடைசி" என்ற நினைப்பு வராது.

ரப்போபோர்ட்டின் நிரலுக்கு ஒரு குறையும் உண்டு. தவறுதலாக ஒரு தடவை பிசகினாலும், அதே மாதிரி இன்னொன்றோடு ஆடும்போது பழிக்குப் பழி நிற்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி ஒரு மாதம் பிந்தினால், உடனே நிறுத்திவிடாமல் முதலில் காரணத்தைக் கேளுங்கள். இரண்டாம் மாதமும் வராவிட்டால் கூட்டத்தைக் கூட்டுங்கள்.