வடுவூராரும் துப்பறியும் நாவலும்

துப்பறியும் நாவலை மாணவன் கையிற் கண்டால் ஆசிரியர் முகஞ் சுளிப்பது வழக்கம். நானும் அவ்வாறு சுளித்ததுண்டு. ஒருமுறை, இலக்கண நூலுக்குள் ‘கும்பகோணம் வக்கீல்’ என்னும் நாவலை மறைத்துப் படித்த மாணவன் ஒருவனிடமிருந்து அதனைப் பறித்தேன். அன்றிரவு விளக்கணைக்காமல் நானே அதைப் படித்து முடித்தேன். அதன் பின் எழுந்த ஆராய்வின் பயனே இக்கட்டுரை.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841ஆம் ஆண்டில் எழுதிய சிறுகதையே இவ்விலக்கிய வகைக்கு வித்தென்பர். 1887இல் கொனன் டொயிலின் ஷேர்லொக் ஹோம்ஸ் தோன்றினார். தமிழிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறையை வளர்த்தோருள் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் முதன்மையானவர்.

வடுவூரார் 1880இல் தஞ்சைச் சீமையிலுள்ள வடுவூரிற் பிறந்தவர், பி. ஏ. பட்டம் பெற்றவர். தாசில்தார் உத்தியோகத்தைத் துறந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். ‘மனோரஞ்சனி’ என்னும் இதழை நடத்தி நாவல்களை வெளியிட்டார். அவருடைய ‘மேனகா’ டி. கே. எஸ். சகோதரர்களால் நாடகமாகி, 1935இல் திரைப்படமும் ஆயிற்று. ‘கும்பகோணம் வக்கீல்’ 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்னும் படமாக வந்தது. பின்னாளில் வில்லன் வேடங்களாற் புகழ்பெற்ற எம். என். நம்பியார் அதன் நாயகர். நாவலாசிரியரோ 1942இலேயே மறைந்துவிட்டார்.

வேடம் மாறிச் சென்று குற்றங்களை வெளிப்படுத்தும் சாமியார், தமிழ் மரபுக்குப் புதியவரல்லர். துறவியர் கோலம் பூண்டு எங்கும் புகுந்து ஆராய்பவனே ஒற்றன் என்று ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் வள்ளுவரே கூறிவிட்டார்.

எனினும் குறையொன்று உண்டு. வடுவூராரின் நாவல்கள் பலவற்றுக்கு ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகளே மூலம் என்பர். தழுவுதல் குற்றமன்று, தொல்காப்பியர் வழிநூல் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார். ஆனால் மூலம் இன்னதென முகப்பிலே கூறுதல் எழுதுவோர்க்கு அறம். பிறர் கட்டுரையைப் பெயர்த்தெழுதும் மாணவரும் இதனைக் கருத்திற் கொள்க.

மறுநாள் நூலைத் திருப்பிக் கொடுத்து, “குற்றவாளி இன்னாரென எவ்விடத்தில் ஐயுற்றாய்? காரணம் என்ன? எழுதி வா” என்றேன். அரைப்பக்கத்துக்கு மேல் என்றும் எழுதியறியாத அம்மாணவன் நான்கு பக்கங்கள் எழுதி வந்தான். ஐயுறுதல், சான்று தேடுதல், காரணங்கூறி முடிவு காணல் என்னும் மூன்றையும் நான் கற்பியாமலே அந்நாவல் கற்பித்திருந்தது.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டப்புறங்களில், பாடநூலுக்கு அப்பால் ஒரு நூல் லயத்துப் பிள்ளையின் கைக்கு வருவது எளிதன்று. ஆதலின், இந்த யூபிலி ஆண்டில் கல்லூரி நூலகத்துக்கு நூல் வழங்க எண்ணும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: காப்பியங்களோடு வடுவூராரையும் சேர்த்து அனுப்புங்கள். வாசிக்கும் பழக்கம் கைவந்த பிள்ளை, காப்பியங்களையும் ஒருநாள் தானே தேடி எடுக்கும்.