முப்பத்தொரு தோல்விகள்

சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் பகுதியில் நடுநிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களுக்குக் கபடி தெரியும், கைப்பந்து தெரியும். டென்னிஸ் மைதானத்தை நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. ஆனாலும் சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் சிறந்த கணிதப் பாடம் டென்னிஸிலிருந்துதான் பிறந்தது. அதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு.

2025 பிப்ரவரியில் மும்பையில் மகளிருக்கான டபிள்யூ.டி.ஏ. 125 டென்னிஸ் போட்டி நடந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த 15 வயது மாயா ராஜேஷ்வரன் ரேவதி அதில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி அரையிறுதி வரை முன்னேறினார். நாளிதழ்ச் செய்தியை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். "பாருங்க, உங்களைவிட ரெண்டு வயசுதான் பெரியவங்க. ஒரே வாரத்துல நாடே திரும்பிப் பார்க்குது" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆகஸ்டில் குறுவட்ட விளையாட்டுப் போட்டி நடந்தது. 400 மீட்டர் ஓட்டத்தில் எங்கள் மாணவி ஒருத்தி நான்காவதாக வந்தாள். மறுநாள் முதல் பயிற்சிக்கு வரவில்லை. கணிதத் தேர்விலும் பாதிக் கேள்விகளை விட்டுவிட்டாள். அழைத்துக் கேட்டேன். சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "அவங்க ஒரே வாரத்துல ஜெயிச்சுட்டாங்க டீச்சர். நான் ரெண்டு வருஷமா ஓடுறேன். எனக்கு வராது" என்றாள்.

ஊக்கப்படுத்த ஒட்டிய படம் அவளைச் சோர்வடையச் செய்திருந்தது. படத்தைக் கழற்ற மனமில்லை. சொன்ன விதத்தைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது.

செயல்பாடு 1: ஒத்தையா, ரெட்டையா?

ஏழாம் வகுப்பிலிருந்து சிலரைச் சேர்த்து 32 பேரை நிறுத்தினேன். மும்பைப் போட்டியின் முதன்மைச் சுற்றிலும் 32 பேர்தான். ராக்கெட்டுக்குப் பதில் புளியங்கொட்டை. கைக்குள் இருப்பது ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று சரியாகச் சொன்னால் வெற்றி. தோற்றவர் சுவரோரம் வரிசையாக உட்கார வேண்டும்.

32, 16, 8, 4, 2, 1 என்று எண்ணிக்கை குறைந்தது. கரும்பலகையில் அதை 2-இன் அடுக்குகளாக எழுதினோம். பிறகு கேட்டேன்: "மொத்தம் எத்தனை ஆட்டம் நடந்தது?" பலர் 16+8+4+2+1 என்று கூட்டத் தொடங்கினார்கள். முதல் சுற்றிலேயே தோற்றுச் சுவரோரம் இருந்த அந்த மாணவி முந்திக்கொண்டாள்: "31 டீச்சர். ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர்தான் தோப்பாங்க. இங்க 31 பேர் உட்கார்ந்திருக்கோம்."

கூட்டலே தேவைப்படாத விடை. 64 பேர் என்றால் 63, 128 பேர் என்றால் 127 என்று மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பட்டம் வெல்பவரைத் தவிர எல்லோரும் ஒருமுறை தோற்கிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை. அந்த வரிசையே சொன்னது.

செயல்பாடு 2: மாயாவின் ஆறு ஆட்டங்கள்

சுவரில் இருந்த செய்தியை எடுத்து மீண்டும் படித்தோம். தகுதிச் சுற்றில் இரண்டு வெற்றிகள். முதன்மைச் சுற்றில் 32-லிருந்து 4 பேருக்குள் வர மூன்று வெற்றிகள். அரையிறுதியில் சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம் தோல்வி. ஆக, மாயாவும் தோற்றவர்கள் வரிசையில்தான் போட்டியை முடித்தார். இதை முதல் நாள் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

தரவரிசை திடீரென உயர்வது எப்படி என்றும் பேசினோம். கடந்த 52 வாரங்களில் பெற்ற புள்ளிகளைக் கொண்டு தரவரிசை கணக்கிடப்படுகிறது. புள்ளிகள் மிகக் குறைவாக உள்ளவர் ஒரு நல்ல போட்டியில் பலரை ஒரே தாவலில் கடந்துவிடுவார். அதற்கு முன் கோவையில் பயிற்சி செய்த ஆண்டுகளுக்குத் தரவரிசைப் பட்டியலில் இடமில்லை. அந்தப் போட்டிக்குப் பின்னும் பயிற்சி முடியவில்லை. ஸ்பெயினில் உள்ள ரஃபேல் நடால் அகாதெமிக்குப் பயிற்சிக்காகச் சென்றார்.

செயல்பாடு 3: விழுக்காடு

ரோஜர் ஃபெடரர் 2024-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைத் தானே சொன்னார். ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1526. வென்றது ஏறத்தாழ 80 விழுக்காடு. "அப்படியானால் ஆடிய புள்ளிகளில் எத்தனை விழுக்காடு வென்றிருப்பார்?" என்று கேட்டேன். 90, 95 என்று ஊகித்தார்கள். விடை 54.

வகுப்பு நம்பவில்லை. "அப்போ நூத்துல 46 விட்டிருக்காரா?" என்றாள் அந்த மாணவி. 54-க்கும் 46-க்கும் வேறுபாடு 8 மட்டுமே. புள்ளிகளில் சிறிதளவு முன்னிலை, ஆட்டக் கணக்கில் பெரிய வெற்றியாக மாறுகிறது. ஒரு புள்ளியை இழந்தவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போகும். இதைத் தேர்வுத் தாளோடு ஒப்பிட்டவர்கள் மாணவர்களே: ஒரு கணக்கு வராவிட்டால் மீதியை ஏன் விட வேண்டும்?

அதன் பிறகு

அந்த வாரமே அவள் பயிற்சிக்குத் திரும்பிவிடவில்லை. பத்து நாள் கழித்து வந்தாள், கையில் ஒரு நோட்டுடன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 400 மீட்டர் ஓடிய நேரத்தை எழுதினாள். ஆகஸ்டில் 84 விநாடி. டிசம்பரில் 80. நேரம் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று அவளே கணக்கிட்டு 4.76 என்று காட்டினாள். சராசரி, வரைபடம், விழுக்காடு மூன்றும் அந்த நோட்டிலேயே நடந்தன. மற்ற மாணவர்களும் தமக்கு விருப்பமான ஒன்றை அளந்து எழுதத் தொடங்கினார்கள்.

சாதனையாளர்களின் படங்களை நாம் எல்லோரும் வகுப்பறையில் ஒட்டுகிறோம். ஒட்டும்போது அவர்கள் தோற்ற ஆட்டத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டால் நல்லது என்பது என் அனுபவம். இப்போது மாயாவின் படத்துக்குக் கீழே ஆறு கட்டங்கள் உள்ளன. ஐந்தில் வெற்றி, ஒன்றில் தோல்வி.

அந்த மாணவி ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி சென்றுவிட்டாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று கேட்டாள், "டீச்சர், அந்த நோட்டை நானே எடுத்துட்டுப் போகட்டுமா? பாதிப் பக்கம் காலியா இருக்கு."