போலீஸைப் படம் எடுக்கலாமா?

பொது இடத்தில் பணியிலிருக்கும் காவலரைப் படம் எடுக்கக் கூடாது என்று இந்தியாவில் தனிச் சட்டம் ஏதும் இல்லை. ஆனால், இவற்றைக் கவனியுங்கள்:

• சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். பணிக்கு இடையூறு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 221-ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

• காவல் நிலையம், அலுவல் ரகசியச் சட்டம் குறிப்பிடும் 'தடை செய்யப்பட்ட இடம்' அல்ல என்று மும்பை உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது; எனவே அங்கே படம் எடுப்பது அந்தச் சட்டப்படி குற்றமாகாது.

• செல்போனைக் கைப்பற்றினால் மல்லுக்கு நிற்காதீர்கள். கைப்பற்றியதற்கான மகஜர் நகலைக் கேளுங்கள்.

• பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், வழக்கில் சிக்கிய சிறார் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

• மூலப் பதிவை வெட்டாமல், திருத்தாமல் பத்திரப்படுத்துங்கள். நாளை ஒருவருக்கு நீதி கிடைக்க அதுவே சாட்சியாகலாம்.